முதல் நாளுக்கு முந்தின ராத்திரி

அக்கா மகளுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. ஐந்து வருஷ எம்.எஸ்ஸி. படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. எங்கள் காலனியில் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்வந்து படித்தவர்கள் உண்டு. நானும் அப்படிப் படித்தவள்தான். பல்கலைக்கழகத்திலேயே தங்கிப் படிக்கப்போகிற முதல் பெண்பிள்ளை இவள்தான்.

கடிதத்தை எல்லாரும் கேட்கும்படி சத்தமாகப் படித்தாள். புதிய மாணவர்களுக்கான அறிமுக நிகழ்ச்சி. காலை ஒன்பதரை மணி. அசல் சான்றிதழ்கள், மூன்று நகல்கள், போட்டோ ஆறு. கண்ணியமான உடை. பெற்றோர் உடன் வருவது விரும்பத்தக்கது. ஒவ்வொரு மாணவரும் இரண்டு நிமிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும்.

அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "பெத்தவங்க வரணுமா? அப்ப அன்னிக்கு மேஸ்திரிகிட்ட லீவு சொல்லணும்" என்றாள். மாமா கேரளாவில் கட்டிட வேலையில் இருக்கிறார். அக்கா பேரூராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். காலை ஐந்தரைக்குக் குப்பை வண்டியோடு தெருவில் இறங்குகிறவள்.

பிள்ளை பதில் சொல்லவில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனாள். நானும் பின்னால் போனேன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "சித்தி, நீங்களே கூட வந்துடுங்க. அம்மா வேணாம்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. நானே செய்தவள்.

2006 ஜூன் மாதம். டவுன் கல்லூரியில் பி.ஏ. தமிழ் சேர்ந்திருந்தேன். முதல் நாள் வரவேற்பு நிகழ்ச்சிக்கு அப்பா கூட வந்தார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கரும்பு வெட்டுகிற ஆள். கை முழுக்கச் சோகை கிழித்த கோடு. அன்றைக்கு வெள்ளை வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்டு, தலைக்கு எண்ணெய் தடவி, என்னைவிட அவர்தான் காலேஜுக்குப் போகிறவர் மாதிரி வந்தார். கட்டிடத்துக்கு எதிரே ஒரு வேப்பமரம். "நீங்க இங்கயே இருங்க நைனா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். உள்ளே பெற்றோருக்கென்று நாற்காலி போட்டிருந்தார்கள். வெளியே வந்து அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

இடைவேளையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணோடு வெளியே வந்தேன். நைனா என்னைப் பார்த்துவிட்டார். துண்டை ஆட்டி "பாப்பா" என்று கூப்பிட்டார். அந்தப் பெண் கேட்டாள்: "யாரு அது?"

"எங்க ஊர்க்காரர். டவுனுக்கு வந்தாரு. அவர்கூடத்தான் வந்தேன்" என்றேன்.

பத்தடி தூரம்தான். தூக்கின கை அப்படியே இறங்கியது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா, விழவில்லையா என்று எனக்குத் தெரியாமலே இருந்தது.

அன்று மத்தியானம் ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். கையில் பாரக் கட்டு. "எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எழுந்திருங்க. ஸ்காலர்ஷிப் பாரம் வாங்கிக்குங்க" என்று சத்தம் போட்டார். வகுப்பில் அறுபது பேர். பதினோரு பேர் எழுந்தோம். காலையில் நைனாவை மறுத்து எதைக் காப்பாற்றிக்கொண்டேன் என்று நினைத்தேனோ, அது மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்விட்டது. மறுநாள் அந்தப் பெண் முன் பெஞ்சுக்கு மாறிவிட்டாள். திட்டவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. இடம் மாறினாள், அவ்வளவுதான்.

நைனா 2014-ல் இறந்துபோனார். அந்த நாளைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு தடவைகூடப் பேசிக்கொண்டதில்லை.

எட்டு வருஷமாக நாங்கள் நாலைந்து தோழர்கள் சேர்ந்து, கல்லூரி திறப்பதற்கு முன்னால் ஒருநாள் ராத்திரி, புதுசாகப் படிக்கப்போகிற பிள்ளைகளைக் காலனிச் சமுதாயக் கூடத்தில் உட்காரவைத்துப் பேசுகிறோம். ஒரு வாத்தியார் அண்ணன், ஒரு வக்கீல் தோழர், அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிற ஒரு தோழி, நான். பெரிய நிகழ்ச்சி ஒன்றும் இல்லை. டீயும் சுண்டலும் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புத்தகம் கொடுப்போம்.

புத்தகம் கொடுக்கிற வழக்கம் வாத்தியார் அண்ணன் ஆரம்பித்தது. 1907-ல் அம்பேத்கர் மெட்ரிக் தேறியபோது பம்பாயில் அவருடைய மக்கள் கூடி ஒரு பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். எஸ்.கே. போலே தலைமை. கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் தான் எழுதிய புத்தர் சரித்திரத்தை அந்தப் பையனுக்குப் பரிசாகக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் அவர் எல்பின்ஸ்டன் கல்லூரிக்குள் போகிறார். "காலேஜு வரவேற்கிறதுக்கு முன்னாடி சனங்க வரவேற்கணும்" என்பார் அண்ணன்.

இந்த வருஷம் ஏழு பிள்ளைகள். நாலு பெண், மூன்று பையன். அக்கா மகள் கடைசியில் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

கடிதத்தின் தலைப்பைப் பார்த்த ஒரு பையன் முதல் கேள்வி கேட்டான். "தீக்ஷாரம்ப்னு போட்டிருக்கே, இது என்ன பாஷை அண்ணே?" பல்கலைக்கழக மானியக் குழு புதிய மாணவர் அறிமுகத்துக்காக 2019-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதற்கு வைத்த பெயர் அது. தீட்சையின் ஆரம்பம் என்று அர்த்தம். புதுப் பிள்ளையைத் தனியாக விடாதே, வாத்தியார் கூடப் பழக வை என்று வழிகாட்டியில் நல்ல விஷயங்களும் உண்டு. ஆனால் தீட்சை யாருக்குக் கொடுக்கலாம், யார் வாசலுக்கே வரக்கூடாது என்று பிறப்பை வைத்துப் பிரித்த நாட்டில், எல்லோருக்குமான வரவேற்புக்கு இந்தப் பெயரா கிடைத்தது? அண்ணன் சொன்னார்: "நமக்குத் தெரிஞ்ச தீட்சை ஒண்ணுதாண்டா. 1956 அக்டோபர் 14, நாக்பூர். லட்சக்கணக்கான சனம் நின்னுச்சு. நீ எந்தத் தெருன்னு யாரும் யாரையும் கேக்கல."

பிறகு காகிதங்களை எடுத்துத் தரையில் பரப்பினோம். வக்கீல் தோழர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், டி.சி., மார்க் ஷீட். எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரு செட் செராக்ஸ் இருக்க வேண்டும். அசல் கொடுத்தால் ரசீது வாங்கு. ரசீது தர மாட்டேன் என்றால் தேதியும் வாங்கியவர் பேரும் உன் நோட்டில் எழுது. வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைத்தாயா? போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு அது இல்லாவிட்டால் பணம் வந்து சேராது. எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளின் கட்டாயக் கட்டணத்தை அரசாங்கமே ஏற்க வேண்டும் என்று 2012-ல் வந்தது அரசாணை எண் 92. அந்த நம்பரை மனப்பாடம் செய். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், பையன்களுக்கு 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன், இரண்டுக்கும் கல்லூரியில்தான் பதிய வேண்டும். யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள், நீதான் போய்க் கேட்கணும்.

"இது பிச்சை இல்ல. இந்த உதவித்தொகை 1944-ல வந்தது. அம்பேத்கர் வைஸ்ராய் கவுன்சில்ல இருந்த காலம். சுதந்திரத்துக்கு முன்னாடியே நமக்கு எழுதி வச்சது" என்றார் தோழர்.

ராகிங் பற்றிச் சொன்னோம். 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அகில இந்திய உதவி எண் 1800-180-5522. ஏழு பேரும் அந்த இடத்திலேயே போனில் போட்டுக்கொண்டார்கள். சாதியைச் சொல்லிக் கிண்டல் செய்வதும் ராகிங்தான் என்பதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. "அது சும்மா ஜாலிக்குத்தானே அக்கா" என்று ஒரு பையனே கேட்டான். அவன் பள்ளிக்கூடத்தில் அதை எவ்வளவு வாங்கிப் பழகியிருக்கிறான் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அந்த இரண்டு நிமிடப் பேச்சுக்கு ஒத்திகை. வாத்தியார் அண்ணன் பேராசிரியராக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பேச்சு முடிந்ததும் வழக்கமாக வருகிற கேள்விகளை ஒவ்வொன்றாகப் போட்டார். எந்த ஊரு? ஊருக்குள்ளயா, வெளியவா? அங்க இன்னார் வீடு இருக்கே, அதுக்குப் பக்கமா? அப்பா என்ன பண்றாரு? எத்தனை ஏக்கர்?

ஒரு பையன் எழுந்து, "அப்பா விவசாயம்" என்றான். அவன் அப்பா செங்கல் சூளையில் வேலை செய்கிறார். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஏன் பொய் சொல்றே? சூளையில வேலை செய்றாருன்னு நிமிர்ந்து சொல்லு" என்றேன். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

நர்ஸ் தோழிக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு முப்பத்தாறு வயசு. பேச மேடை இருக்கு, பின்னாடி சங்கம் இருக்கு. இதுங்களுக்குப் பதினேழு. இதெல்லாம் சொல்லிட்டு ராத்திரி ஹாஸ்டல் ரூம்ல மூணு பேர்கூடத் தனியாப் படுக்கப் போறது யாரு? நீயா?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் இல்லை. கூடம் அமைதியாகிவிட்டது. அப்போது எனக்கு இரட்டைமலை சீனிவாசன் ஞாபகம் வந்தார். வட்ட மேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு போன நம் தலைவர். 1939-ல் வந்த தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றிச் சொல்கிறார். கூடப் படிக்கிறவர்கள் சாதியும் இருப்பிடமும் கேட்டுவிடுவார்களோ என்று பயந்து யாரோடும் நெருங்காமல், பள்ளிக்கு வெளியிலேயே எங்கேயாவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவாராம். இதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். அவ்வளவு பெரிய மனுஷனும் ஒளிந்துதான் நின்றிருக்கிறார். ஒளிந்து நின்ற அந்தப் பிள்ளைதான் பின்னால் 'பறையன்' என்று பேர் வைத்தே 1893-ல் பத்திரிகை ஆரம்பித்தார்.

சூளைக்காரர் மகன் மெல்லக் கேட்டான். "அப்ப நான் சொன்னது தப்பில்லையா அக்கா?"

வக்கீல் தோழர்தான் முடிவாகச் சொன்னார். "உன் சாதியை நீ அரசாங்கத்துக்குச் சொல்லணும், அது உன் உரிமைக்காக. வகுப்புல எவனுக்கும் சொல்லணும்னு சட்டம் இல்ல. சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். என்னிக்குச் சொல்லணும்னு நீயே முடிவு பண்ணு. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க. கேக்குறவன்தான் வெக்கப்படணும், நீ இல்ல." அதை ஏழு பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நான் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ரோஹித் வேமுலா பற்றிச் சொல்வதா வேண்டாமா என்று ஒவ்வொரு வருஷமும் எங்களுக்குள் தகராறு வரும். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், 2016 ஜனவரி 17. மும்பையில் மருத்துவ மேற்படிப்பு படித்த பாயல் தட்வி என்ற ஆதிவாசிப் பெண், 2019 மே மாதம். முதல் நாளுக்குப் போகிற பிள்ளைகிட்ட சாவைச் சொல்லி அனுப்பாதீங்க என்பாள் நர்ஸ் தோழி. தெரியாமல் அனுப்புவதும் துரோகம்தான் என்பேன் நான். இந்தத் தடவை அவளே ஒரு வழி சொன்னாள். "அந்த ரெண்டு அம்மாவைப் பத்திச் சொல்லு."

சொன்னேன். உயர்கல்வி நிறுவனங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்க மானியக் குழு 2012-லேயே விதிகள் போட்டது. சம வாய்ப்புப் பிரிவு இருக்க வேண்டும், புகார் கேட்க ஒரு பாகுபாடு தடுப்பு அதிகாரி இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. எழுத்தில் இருந்தது. ரோஹித்தின் அம்மா ராதிகா வேமுலாவும் பாயலின் அம்மா ஆபேதா தட்வியும், இந்த விதியை நிஜமாக நடைமுறைப்படுத்துங்கள் என்று கேட்டு 2019-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு, மற்றவர்கள் பெற்ற பிள்ளைகளுக்காகப் படியேறினார்கள். "அறிமுக நிகழ்ச்சில கேள்வி உண்டான்னு கேப்பாங்க. இங்க அந்த அதிகாரி யாரு, ரூம் நம்பர் என்னன்னு கேளு. கேக்கப் பயமா இருந்தா எழுதிக் குடு" என்றோம்.

அம்மாக்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தப் பையனை நிமிர்ந்து சொல்லச் சொன்னேனே, நான் என்ன செய்தேன்? ஏழு பிள்ளைகளுக்கும் நைனாவின் கதையைச் சொன்னேன். வேப்பமரம், துண்டு, பத்தடி தூரம், எல்லாவற்றையும் சொன்னேன். மேடையில் எத்தனையோ பேசியிருக்கிறேன். இதை எங்கேயும் பேசியதில்லை. "அவர் காதுல விழுந்துச்சான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது" என்று முடித்தேன்.

"விழுந்துச்சு" என்று வாசல் பக்கமிருந்து குரல் வந்தது.

அக்கா. சுண்டல் சட்டியோடு எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அன்னிக்கு ராத்திரி அம்மாகிட்ட சொன்னாரு. நான் படுத்துக்கிட்டுக் கேட்டுட்டு இருந்தேன். 'பாப்பா என்னை ஊர்க்காரன்னு சொல்லிடுச்சு. அதுக்கு அங்க என்ன கஷ்டமோ, நீங்க யாரும் கேக்காதீங்க'ன்னாரு. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, 'அந்தக் காலேஜுல நல்ல வேப்பமரம் இருக்குது, நிழலா இருந்துச்சு'ன்னாரு."

பத்தொன்பது வருஷம் இதை வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறாள். நான் அழுதேன். பிள்ளைகள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நோட்டைப் பார்த்தார்கள். அக்கா மகளைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கும் தெரியும் பாப்பா. நான் வரல. சித்தி வரட்டும். சுண்டல் ஆறுது, சாப்பிடுங்க."

அன்று ராத்திரி வீட்டில் யாரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. பிள்ளை விளக்கடியில் உட்கார்ந்து அந்த இரண்டு நிமிடப் பேச்சை எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. அவள் எழுத வேண்டியது அது.

விடியற்காலை நான் கிளம்பித் தயாராக வாசலுக்கு வந்தேன். பிள்ளை குளித்துச் சடை பின்னி நின்றாள். சான்றிதழ் ஃபைலை அவள் அம்மாவின் கையில் கொடுத்து, "நீ வச்சுக்கம்மா, எனக்குத் தொலைஞ்சுடும்னு பயமா இருக்கு" என்றாள். அக்கா ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். மேஸ்திரிக்குப் போன் போட்டு லீவு சொன்னது நான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் கூடப் போனேன்.

சாயங்காலம் அக்கா மட்டும் திரும்பி வந்தாள். கதவைத் திறந்ததும் கேட்டேன், என்ன நடந்துச்சு? "பெத்தவங்களுக்கு ரெண்டு ரெண்டு நாற்காலி போட்டிருந்தாங்க. ஒண்ணுல நான் உக்காந்தேன், ஒண்ணுல பையை வச்சேன்" என்றாள். ஆபீசில் அசல் வாங்கிக்கொண்டு ரசீது தரவில்லையாம். பிள்ளை கேட்டிருக்கிறாள். அவர் முறைத்திருக்கிறார். இவள் நகரவில்லை. கொடுத்துவிட்டார். பாகுபாடு தடுப்பு அதிகாரி யார் என்ற கேள்வியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தாளாம். விசாரித்துச் சொல்கிறோம் என்றார்களாம். இதை எழுதுகிற வரைக்கும் சொல்லவில்லை.

தன்னைப் பற்றி என்ன பேசினாள் என்று கேட்டேன். "இங்கிலீஷுல பேசிச்சு. எனக்கு என்னா தெரியும்? நடுவுல ஒருதரம் என் பக்கம் கையைக் காட்டிச்சு" என்றாள் அக்கா.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். முதல் வாரம் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்கிறோம். அறையில் இருக்கிற ஒரு பெண் இரண்டாம் நாளே எந்தத் தெரு என்று கேட்டாளாம். இவள் என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது.

இதைப் படிக்கிற தோழர்களுக்கு ஒன்று. உங்கள் காலனியிலும் அடுத்த வருஷம் யாராவது ஒரு பிள்ளை முதல் தடவையாகப் போகும். அதற்கு முந்தின ராத்திரி கூப்பிட்டு உட்காரவையுங்கள். ரசீது வாங்கச் சொல்லுங்கள், நம்பரை எழுதிக் கொடுங்கள். பிள்ளையை மட்டும் கூப்பிடாதீர்கள், பெற்றவர்களையும் கூப்பிடுங்கள். உள்ளே நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்பதை அவர்களிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.